இடம் பிடிக்கப் போங்கள்

ஜப்பானுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் கிளம்பும் முன் என்னிடம் கேட்பதெல்லாம் பெட்டியைப் பற்றிய கேள்விகள். பிரஷர் குக்கர் கொண்டுபோகலாமா, சாம்பார்ப் பொடியை விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்களா, சென்டாய்க் குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர் வேண்டும். சில மாதங்கள் கழித்து அதே பிள்ளையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். "சார், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க யாரும் பழக மாட்டேங்கறாங்க." நீ என்ன செய்தாய் என்று கேட்டால், பக்கத்து இருக்கைக்காரனைப் பார்த்துச் சிரித்தேன், பேர் கேட்டேன், ஊர் கேட்டேன், அவனும் நன்றாகத்தான் பதில் சொன்னான், மறுநாள் பார்த்தால் தெரியாதவன் மாதிரி போகிறான் என்று பதில் வரும்.

இந்தப் புகாரை நான் தள்ளிவிடுவதில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அதே சென்டாயில், தோஹோகு பல்கலைக்கழகத்தில், உலோகவியலில் ஆய்வு செய்தவன் நான். ஹோண்டா கொதாரோ 1917-இல் கே.எஸ். காந்த எஃகை உருவாக்கிய இடம் அது. உலோகம் படித்தவனுக்கு அந்தப் பெயர் ஒன்று போதும். அன்றைக்கு மொத்த ஜப்பானிலும் வெளிநாட்டு மாணவர்கள் ஒரு லட்சம்கூட இல்லை. 1983-இல் நகசோனே அரசு வைத்த இலக்கே அந்த ஒரு லட்சம்தான். அதை எட்ட 2003 ஆயிற்று. 2008-இல் இலக்கை மூன்று லட்சமாக உயர்த்தினார்கள். 2019-இல் 3,12,214 பேர் இருந்தார்கள். எண்ணிக்கை இவ்வளவு ஏறியும் பிள்ளைகளின் புலம்பல் குறையவில்லை. எண்ணிக்கை ஏறியதாலேயே புலம்பல் கூடிவிட்டது என்றுகூட எனக்குத் தோன்றும். அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் ஊரில் பழக்கம் பேச்சில் தொடங்கும். எழும்பூரில் ரயிலேறினால் விழுப்புரம் தாண்டுவதற்குள் எதிர் இருக்கைக்காரர் மகளுக்கு எந்தப் பக்கம் வரன் பார்க்கிறார் என்பதுவரை தெரிந்துவிடும். திருச்சியில் இறங்கும்போது போன் நம்பர் கைமாறியிருக்கும். ஜப்பானிய மாணவனுக்கு அப்படிப் பேச ஒரு காரணம் வேண்டும். இருவரும் ஒரே ஆய்வகம், ஒரே சங்கம், ஒரு பேராசிரியரைச் சுற்றி உட்காரும் ஒரே ஜெமி, ஒரே கடையில் பகுதிநேர வேலை என்று ஏதோ ஒன்றுக்குள் இருக்க வேண்டும். அதற்குள் அவனுக்கு ஒரு வேலை, உனக்கு ஒரு வேலை என்று இருக்க வேண்டும். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். இருநூறு பேர் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கலைகிற வகுப்பறை இந்தக் கணக்கிலேயே சேராது. அங்கே ஜப்பானியனும் ஜப்பானியனுமே பழகிக்கொள்வது அபூர்வம்.

அவர்கள் எல்லாரும் ஏற்கனவே ஒரு கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள், என்னை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள் என்றுதான் புதிதாகப் போன பிள்ளை நினைக்கும். பாதி உண்மைதான். மீதிப் பாதி, அந்த ஊர்ப் பையன்களிலும் தனியாக நிற்கிறவர்கள் ஏராளம் என்பது. சில பல்கலைக்கழக உணவகங்களில், தனியாக வந்து சாப்பிடுகிறவன் எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நீள மேசையின் நடுவே தடுப்பே வைத்திருக்கிறார்கள். அங்கே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அந்த நாட்டுப் பிள்ளைதான்.

நேரம் என்று ஒன்று உண்டு. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. அந்த ஒரு மாதம் வளாகத்துக்குள் நடந்தாலே கை நிறையத் துண்டறிக்கை சேர்ந்துவிடும். டென்னிஸ், மலையேற்றம், பித்தளை வாத்தியம், தேநீர்ச் சடங்கு, ஸ்கெட்ச், கையெழுத்துக் கலை என்று ஒவ்வொரு 'சர்க்கிள்'காரரும், அதாவது மாணவர் சங்கத்தாரும், வழிமறித்து அழைப்பார்கள். புதியவர்களுக்கு விருந்துகூட வைப்பார்கள். மே மாதம் பிறந்துவிட்டால் இந்த ஆரவாரம் அடங்கிவிடும். யார் யாரோடு என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். நம் பிள்ளைகள் பலர் அக்டோபரில் போய் இறங்குகிறார்கள். கதவு மூடிய பிறகு போகிறவன் தட்டித்தான் ஆக வேண்டும். தட்டினால் திறப்பார்கள், யாரும் வாசலுக்கு வந்து கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். அக்டோபரில் போகிறவர்களுக்கு இன்னொரு வாசல் நவம்பரில் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் விழா அப்போதுதான் நடக்கும். யாகிசோபா நூடுல்ஸ் வறுக்கும் கடைக்கு வெங்காயம் நறுக்க ஆள் தேவைப்படும். நறுக்கத் தெரிந்தவன் எந்த நாட்டான் என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை.

எந்தச் சங்கத்தில் சேர்வது என்று கேட்டால், உனக்குக் கொஞ்சமாவது பிடித்ததில் சேர் என்பேன். ஜப்பானிய மொழி நன்றாக வந்த பிறகு சேர்கிறேன் என்பவன் சேரவே மாட்டான். பாடகர் குழுவிலோ பேட்மின்டனிலோ முதல் மாதங்களுக்குத் தேவைப்படும் சொற்கள் ஐம்பது இருக்குமா? சேர்ந்துவிட்டால், வாரம் தவறாமல் போக வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வலை கட்டுவது, பந்து பொறுக்குவது, முடிந்ததும் தரை துடைப்பது போன்ற சில்லறை வேலைகளைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தில் நீ கெட்டிக்காரனா என்பது அங்கே இரண்டாம் பட்சம். போன வாரம் நின்ற இடத்தில் இந்த வாரமும் நிற்கிறாயா என்பதைத்தான் பார்க்கிறார்கள். நமக்கு இது கொஞ்சம் சலிப்பான காரியம். நாம் ஒரே நாளில் உயிர் நண்பனாகிவிட்டு அடுத்த வாரம் காணாமல் போகிற ஜாதி.

சென்டாயில் ஒரு வழக்கம் உண்டு. இலையுதிர் காலத்தில் ஆற்றங்கரைக்குப் போய்க் கூழாங்கல் அடுக்கி அடுப்பு மூட்டி, பெரிய பானையில் கிழங்குக் குழம்பு வைத்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இமோனி-காய் என்று பேர். கிழங்கு வேறெதுவும் இல்லை, நம் சேப்பங்கிழங்குதான். சீசன் வந்துவிட்டால் கடை வாசல்களில் விறகுக்கட்டு அடுக்கியிருக்கும்; காய்கறி வாங்கினால் பானையை இரவலாகவே கொடுக்கும் கடைகளும் உண்டு. சென்டாய் இருக்கும் மியாகி மாகாணத்தில் பன்றி இறைச்சியும் மிசோ என்ற சோயா விழுதும் போடுவார்கள். மலையைத் தாண்டினால் யாமகாதா. அங்கே மாட்டிறைச்சியும் சோயா சாஸும். எது அசல் என்பதில் இரண்டு ஊருக்கும் ஓயாத வாக்குவாதம். யாமகாதாக்காரர்கள் ஆண்டுதோறும் ஆறு மீட்டருக்கு மேல் அகலமான பானையில் சமைத்து விழாவே எடுக்கிறார்கள். சென்டாய்க்காரர்கள் அந்தப் பானையைப் பற்றிப் பேச்சு வந்தால் விஷயத்தை மாற்றிவிடுவார்கள்.

எங்கள் ஆய்வகமும் ஹிரோசே ஆற்றங்கரையில், உஷிகோஷி பாலத்துக்குப் பக்கத்தில் இமோனி வைத்தது. நல்ல இடத்துக்குப் போட்டி இருக்கும் என்பதால், விடிந்ததுமே இளையவர்கள் இருவர் போய் நீலத் தார்ப்பாயை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் பத்து மணிக்கு மேல் பானையோடு வருவார்கள். நான் புதியவன், விருந்தாளி போல நேரே வந்தால் போதும் என்றார்கள். நானும் இடம் பிடிக்கப் போகிறேன் என்றேன். கூட வந்தவன் அகிதா மாகாணத்துப் பையன். அதுவரை அவன் என்னிடம் "காலை வணக்கம்" தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. பனி மூட்டம் ஆற்றின் மேல் கிடக்கிறது. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து குளிர் ஏறுகிறது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. தானியங்கி இயந்திரத்தில் சூடான காபி டின் இரண்டு வாங்கி வந்தான். ஒன்றை என் கையில் வைத்துவிட்டு, உங்கள் ஊரில் சேப்பங்கிழங்கு உண்டா என்று கேட்டான். உண்டு, எண்ணெயில் மொறுமொறுவென்று வறுப்போம் என்றேன். இதை வறுப்பார்களா என்று அவனுக்கு ஆச்சரியம். பிறகு அவன் பாட்டியைப் பற்றிச் சொன்னான். சோற்றை இடித்துக் குச்சியில் பிடித்துத் தீயில் வாட்டுகிற கிரிதான்போ என்ற அகிதாப் பண்டத்தைப் பற்றிச் சொன்னான். சென்டாய்க்கு வந்த முதல் வருடம் தன் பேச்சுவழக்கு வெளியே தெரிந்துவிடுமோ என்று வாயே திறக்காமல் இருந்ததையும் சொன்னான். இவ்வளவும் பத்து மணிக்கு முன்னால்.

மற்றவர்கள் வந்ததும் கிழங்கு உரிக்கிற வேலை நடந்தது. அவர்கள் பச்சையாகவே கத்தியால் சீவுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளாளுக்குக் கையைச் சொறிய ஆரம்பித்துவிட்டார்கள். நான் சமையல் எண்ணெயை வாங்கி உள்ளங்கையில் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். பார்த்துவிட்டு வரிசையாகக் கை நீட்டினார்கள். அன்றிலிருந்து ஆய்வகத்தில் கிழங்கு விஷயத்தில் என் வார்த்தைக்கு மேல் வார்த்தை இல்லை. இறைச்சி போடுவதற்கு முன்பே எனக்கென்று ஒரு சிறு பாத்திரத்தில் கிழங்கும் முள்ளங்கியும் கோன்யாக்குவும் தனியாக எடுத்துக் கொதிக்க வைத்தார்கள். அந்தக் கோன்யாக்கு நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த செடியின் கிழங்கிலிருந்து செய்வது என்று பிறகுதான் படித்தேன்.

தனிப் பாத்திரம் எப்படி வந்தது என்றால், ஒரு வாரத்துக்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் நான் சைவம் என்று சொல்லியிருந்தேன். இதில் நம் பிள்ளைகள் வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள். கேட்கும்போது "எதுவானாலும் பரவாயில்லை" என்பார்கள். இலையில் வந்த பிறகு ஒதுக்குவார்கள். ஜப்பானில் ஒரு விருந்து என்றால் அதற்கு ஓர் ஏற்பாட்டாளர் உண்டு. இடம், நேரம், தலைக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவன் பொறுப்பு. அவனுக்கு முன்கூட்டியே தெரிந்தால் எதையும் செய்வான். மேசைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு தெரிந்தால், அன்று முழுக்க அவன் முகம் தொங்கிவிடும். எதுவரை உன் எல்லை என்பதையும் நீயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். மிசோ சூப்பில் கண்ணுக்கு மீன் தெரியாது; ஆனால் அடிநீரே பெரும்பாலும் உலர்ந்த மீனில் இறக்கியது. அது ஆகுமா ஆகாதா என்பதற்கு என்னிடம் விடை கிடையாது. நம் பிள்ளைகளில் இரண்டு விதமாக முடிவு செய்தவர்களும் இருக்கிறார்கள், இருவருக்கும் நண்பர்கள் உண்டு.

மதுவும் அப்படித்தான். 2022 ஏப்ரலில் சட்டப்படி பெரியவராகும் வயதை 18 ஆக்கினார்களே தவிர, குடிப்பதற்கு 20 என்ற சட்டம் மாறவில்லை. குடிக்காதவன் ஊலாங் தேநீர்க் கோப்பையைத் தூக்கி எல்லாரோடும் "கம்பாய்" சொன்னால் போதும்; வற்புறுத்துகிற வழக்கம் முன்பைவிட இப்போது குறைவு. பக்கத்திலிருப்பவன் கோப்பை காலியானால் நீ ஊற்று. உன்னுடையதை அவன் ஊற்றுவான். தேநீர் குடித்தவனுக்கும் பீர் குடித்தவனுக்கும் கணக்கு ஒன்றாகத்தான் வரும், அது ஒரு வயிற்றெரிச்சல். ஆனாலும் விருந்துக்குப் போக வேண்டும். பகல் முழுக்க இயந்திரத்துக்குப் பக்கத்தில் வாய்மூடி நின்ற ஆசாமி, அந்த இரண்டு மணி நேரத்தில்தான் தன் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதைச் சொல்வான்.

சென்டாய்க்கு வந்த வெளிநாட்டு மாணவர்களில் உலகறிந்தவர் சீன எழுத்தாளர் லூ ஷுன். 1904-இல் அங்கே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1906-இல் படிப்பை விட்டுவிட்டுப் போனார். அவர் உட்கார்ந்து பாடம் கேட்ட படிக்கட்டு வகுப்பறையை இன்றும் கதஹிரா வளாகத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். உடற்கூறு ஆசிரியர் ஃபுஜினோ, இந்தச் சீன மாணவன் எடுத்த குறிப்புகளை வாரந்தோறும் வாங்கிச் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார் என்று லூ ஷுன் 1926-இல் எழுதினார். இது பலருக்கும் தெரிந்த பகுதி. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கடுத்த பகுதி. ஆண்டுத் தேர்வில் அவர் தேறியதும், ஆசிரியர் கேள்விகளை முன்பே குறித்துக் கொடுத்துவிட்டார் என்று வகுப்பில் வதந்தி கிளம்பியது. மாணவர் சங்கத்தினர் வந்து அவர் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பெயரில்லாக் கடிதம் ஒன்றும் வந்தது. அப்போது அவரோடு நன்கு பழகிய வகுப்புத் தோழர்கள் சிலர் கொதித்துப் போய், அவரோடு சேர்ந்து சென்று சங்கத்தினரைத் தட்டிக்கேட்டார்கள். சோதனையில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதை எல்லாருக்கும் அறிவியுங்கள் என்று வலியுறுத்தினார்கள். வதந்தி அடங்கியது. ருஷ்யாவோடு போர் நடந்த காலம், சீனன் என்றால் ஏளனம். அந்தச் சூழலில் ஒரு வெளிநாட்டானுக்காகச் சொந்த வகுப்பை எதிர்த்து நாலு பேர் போயிருக்கிறார்கள். அந்த நாலு பேர் யார், எப்படிப் பழகினார்கள் என்று லூ ஷுன் விரித்து எழுதவில்லை.

அந்த இடைவெளியைக் கற்பனையில் நிரப்பியவர் தசாய் ஒசாமு. 1945-இல் வந்த 'செகிபெத்சு' நாவலில் கதை சொல்கிறவர், லூ ஷுனோடு படித்த ஜப்பானிய மாணவர் ஒருவர், வயதான மருத்துவராகிப் பழசை நினைத்துப் பார்க்கிறார். வடக்கத்திக் கிராமத்திலிருந்து வந்தவர். தன் கொச்சைப் பேச்சை நினைத்துக் கூசி வகுப்பில் யாரோடும் ஒட்டாமல் இருந்தவர். இந்த வெளிநாட்டானிடம் மட்டும் அவருக்குக் கூச்சம் வரவில்லை, ஏனென்றால் இவனுக்கு அந்தக் கொச்சை தெரியப்போவதில்லை. நாவலை எந்த நோக்கத்துக்காக, யார் கேட்டு எழுதினார் என்பது வேறு விவாதம். போர்க்காலத்து அரசின் கை அதில் உண்டு. ஆனால் இந்த ஓர் இடத்தில் தசாய் கண்டது சரி. அகிதாப் பையன் தார்ப்பாயில் உட்கார்ந்து என்னிடம் சொன்னதும் இதுதான்.

ஆகவே யாரைத் தேட வேண்டும் என்றால், வகுப்பின் நட்சத்திரத்தைத் தேட வேண்டாம். ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவனையும் சுற்றாதீர்கள். அவனை ஏற்கனவே பத்து வெளிநாட்டு மாணவர்கள் சுற்றுகிறார்கள். வெளி மாகாணத்திலிருந்து வந்து ஒற்றை அறையில் தனியாகக் குடியிருக்கிறவனைப் பாருங்கள். மாலையில் அவனுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் இல்லை. அவன் ஊரைப் பற்றிக் கேளுங்கள். ஜப்பானில் பேர் பெற்ற பண்டம் இல்லாத ஊரே கிடையாது. ஆவொமோரி என்றால் ஆப்பிள், யாமகாதா என்றால் செர்ரி, இவாதே என்றால் குட்டிக் குட்டிக் கிண்ணத்தில் அடுக்கடுக்காக வைக்கும் வாங்கோ சோபா. உங்கள் ஊரில் எது விசேஷம் என்று கேட்டால் எப்பேர்ப்பட்ட ஊமையும் பேசுவான். சம்பளம், அப்பா வேலை, கல்யாணம் எப்போது என்ற நம் வழக்கமான கேள்விகளைக் கொஞ்ச காலம் மூட்டை கட்டி வையுங்கள். மதம் என்ன என்பதையும்தான்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓனோ சுசுமு என்ற மொழியறிஞர் ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று எழுதியதை நம்மவர்கள் மேடைதோறும் சொல்வார்கள். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை, நானும் அதில் தலையிடுவதில்லை. ஆனால் வினை கடைசியில் வருவதும், உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், பெரியவருக்கு ஒரு வினை சின்னவருக்கு ஒரு வினை என்றிருப்பதும் தமிழ்ப் பிள்ளைக்குப் பழகிய தடம். தமிழில் நினைத்து அப்படியே சொல்லை மாற்றிப் போட்டால் பல நேரம் வாக்கியம் நின்றுவிடும். எழுத்துத்தான் மலை, பொதுப் புழக்கத்துக்கென்று அரசு பட்டியலிட்ட கான்ஜி மட்டும் 2,136. அது வரும்போது வரட்டும். ஒரே வருடத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் மரியாதை விகுதி இல்லாமல்தான் பேசிக்கொள்வார்கள். பாடப்புத்தக மரியாதை மொழியையே வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தால் நீ விலகி நிற்கிறாய் என்றுதான் அவர்களுக்குப் படும். எப்போது இறங்குவது? அவன் உன்னிடம் இறங்கிப் பேசியதும் நீயும் இறங்கலாம். ஒரு வருடம் மூத்தவன் சென்பாய். அவன் இறங்கினாலும் நீ இறங்கக் கூடாது. நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

இடையில் ஒரு வேடிக்கை. 1998-இல் ரஜினியின் 'முத்து' டோக்கியோவின் ஷிபுயாவில் ஒரு தியேட்டரில் மாதக்கணக்கில் ஓடியது. அதன் பிறகு எந்த விருந்துக்குப் போனாலும் என்னை ஆடச் சொன்னார்கள். இன்றைக்குப் போகிற பிள்ளைகளிடம் 'ஆர்.ஆர்.ஆர்.' பார்த்தாயா என்று கேட்கிறார்களாம். ஆடத் தெரிந்தால் ஆடிவிடுங்கள்.

எண்ணிக்கை ஏறியதால் புலம்பல் கூடிற்று என்றேனே, அதற்கு வருகிறேன். 2009 முதல் அரசு 13 பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்திலேயே பட்டம் முடிக்கிற படிப்புகளைப் பெருக்கியது; தோஹோகுவும் அதில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விளைவு என்னவென்றால், ஒரு பிள்ளை சர்வதேச விடுதியில் தங்கி, ஆங்கில வகுப்பில் இந்தோனேசியரோடும் வங்கதேசத்தவரோடும் படித்து, ஞாயிற்றுக்கிழமை இந்தியர்களோடு பிரியாணி செய்து, பட்டத்தோடு ஊர் திரும்பிவிட முடியும். எங்கள் காலத்தில் ஜப்பானியன் தயவில்லாமல் பால்கூட வாங்க முடியாது. அந்தக் கஷ்டம்தான் எங்களைத் தள்ளிவிட்டது. நம்மவர் கூட்டத்தை விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்; காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருகிறவர்கள் அவர்கள். வாரத்தில் இரண்டு மாலையாவது அவர்களுக்கு வெளியே இருக்கட்டும்.

பகுதிநேர வேலைக்கும் இதே கணக்கு. மாணவர் விசாவில் அனுமதி பெற்றால் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம். இரவில் உணவுப்பொட்டலம் கட்டும் ஆலைக்குப் போனால் கூலி கொஞ்சம் கூட வரும். பக்கத்தில் நிற்பவர் எல்லாரும் வெளிநாட்டவர். மூலைக்கடையிலோ சிறு உணவகத்திலோ மாலை நேரத்துக்குப் போனால் கூட வேலை செய்வது ஜப்பானிய மாணவர்கள். காசு எவ்வளவு அவசரம் என்பது அவரவர் வீட்டு நிலைமை. வாய்ப்பிருந்தால் இரண்டாவதற்குப் போங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே மாலை நாலு மணிக்கு அம்மா காபியைக் குடித்துவிட்டு வீடியோ கால் போட்டால் அங்கே இரவு ஏழரை. சங்கக் கூட்டங்களும் ஆய்வகத்து இரவுச் சாப்பாடும் நடக்கிற நேரம் அது. தினமும் அந்த நேரத்தில் அறைக்குள் போனோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையை அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டு அவர்கள் விட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் பேசிக்கொள்ளுங்களேன்.

உன்னோடு ஆங்கிலம் பழக வருகிறவர்களும் உண்டு. டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வு நெருங்கும்போது கூட்டமாக வருவார்கள், மதிப்பெண் வந்ததும் மறைவார்கள். அரை மணி ஆங்கிலம், அரை மணி ஜப்பானியம் என்று கறாராக வைத்துக்கொண்டால் இருவருக்கும் லாபம். அதை நட்பென்று நம்பி ஏங்க வேண்டாம். மாறாக, நன்றாகப் பழகிக்கொண்டிருந்த மூன்றாம் வருட மாணவன் திடீரென்று கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு காணாமல் போனால் பயப்பட வேண்டியதில்லை. கடைசி வருடம் தொடங்குவதற்கு முந்தைய மார்ச் 1-இல் கம்பெனிகள் விளக்கக் கூட்டங்களை ஆரம்பிக்கும், ஜூன் 1-இல் தேர்வுகள். அந்த மாதங்களில் அவன் தன் அம்மாவுக்கே பதில் போடுவது சந்தேகம். வேலை கிடைத்ததும் வருவான். அப்போது விருந்து கேட்கலாம்.

"ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்று சொல்வார்கள். நம்பிக் கிளம்பிவிடக் கூடாது. "அடுத்த மாதம் 12-ஆம் தேதி, மாலை ஆறு மணி" என்று சொன்னால் அது அழைப்பு. தேதி இல்லாதது மரியாதைப் பேச்சு. அதில் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. நம்மிடமும் "வீட்டுப் பக்கம் வாங்க" என்பது உண்டே. நீங்கள் அழைப்பதென்றாலும் தேதியோடு அழையுங்கள். நபே என்று மேசை நடுவே அடுப்பு வைத்துக் காய்கறி கொதிக்கவிடுகிற குளிர்காலச் சாப்பாடு இருக்கிறது. அதற்குப் பதில் ஒருநாள் உங்கள் அறையில் சாம்பார் வைத்து அழைத்தால் மறுக்க மாட்டார்கள். காரத்தைக் குறையுங்கள். மைசூர்பாகு அவர்களுக்கு இனிப்பு அதிகம். முறுக்கு உடனே தீர்ந்துவிடும். ஊருக்குப் போய்த் திரும்பினால் ஆய்வகத்துப் பொதுமேசையில் ஒரு பொட்டலம் வைப்பது அங்கே கட்டாயம் மாதிரி; தனித்தனியாகக் காகிதம் சுற்றியதாக இருந்தால் எடுத்துக்கொள்ள வசதி.

ஆய்வகத்தோடு வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போகிற பயணம் வரும். நம் பிள்ளைகள் பதுங்குகிற இடம் இது, பொதுக்குளியலில் உடம்பில் துணி இல்லாமல் இறங்க வேண்டும் என்பதால். முதலில் கழுவும் இடத்தில் உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு, சிறு துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு தொட்டியில் இறங்குங்கள். துண்டு தண்ணீரில் படக் கூடாது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. குற்றாலத்தில் ஆயிரம் பேர் நடுவில் எண்ணெய் வழியக் குளித்த வம்சத்துக்கு இது ஒரு பெரிய காரியமா?

படிப்பு முடிந்து வந்த பிறகு கடிதம் எழுதுவார்களா, தினமும் செய்தி அனுப்புவார்களா என்றால், மாட்டார்கள். புத்தாண்டுக்கு ஒரு வரி வரும். அதற்குமேல் எதிர்பார்த்து மனம் நோக வேண்டாம். ஆனால் வரப்போகிறேன் என்று இரண்டு மாதம் முன்னால் ஒரு வரி எழுதிப் பாருங்கள். யாரோ ஒருவன் ஏற்பாட்டாளன் ஆகிவிடுவான். எங்கள் ஆய்வகத்தில் அந்தப் பொறுப்பை எப்போதும் அகிதாக்காரன்தான் எடுத்துக்கொள்கிறான்; இப்போது அவனே பெரிய உருக்காலையில் அதிகாரி. நான் கடைசியாக எழுதியபோது, மூன்று சனிக்கிழமைகளைக் குறித்து எது வசதி, சைவம் இன்னும் தொடர்கிறதா, தலைக்கு இவ்வளவு ஆகும் என்று பதில் போட்டிருந்தான். சனிக்கிழமை முடிவான பிறகுதான் நான் விமான டிக்கெட்டே எடுத்தேன்.